தோளில் தொங்கும் கேமரா: நியூசிலாந்துப் பயணத்துக்கு முன் சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

டிசம்பர் நெருங்க நெருங்க, ஆக்லாந்தில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். டிக்கெட் எடுத்தாயிற்று, விசா வந்துவிட்டது, "என்ன கேமரா வாங்கலாம், என்ன லென்ஸ் போடலாம்?" மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இரண்டு மூன்று மாதம் தங்கி இரு தீவுகளையும் பார்த்துவிட்டுப் போக வரும் அப்பா அம்மாக்கள் கேட்கிறார்கள். தேனிலவுக்கு வரும் தம்பதிகள் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இது அடிக்கடி அமையாத பயணம். லட்சக்கணக்கில் செலவழிக்கக்கூடத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் எதில் போகவேண்டும் என்பதை முடிவு செய்வது, கடைக்காரர் சொன்னதும் யாரோ எப்போதோ சொல்லக் கேட்டதும்தான்.

நான் பார்த்தவரை, நல்ல கேமரா இல்லாததால் கெட்டுப்போன பயணப் படங்கள் குறைவு. கனம் தாங்காமல் தங்கும் அறையிலேயே விட்டுவிட்டுப் போனதால் எடுக்கப்படாமலே போன படங்கள்தான் அதிகம். கீழே வரும் நம்பிக்கைகளில் பலவும் கடைசியில் கனத்தைக் கூட்டுகிறவை. அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: மெகாபிக்சல் கூடக் கூடப் படம் நன்றாக வரும்

வீட்டில் உள்ள 4கே தொலைக்காட்சியின் மொத்தப் புள்ளிகள் சுமார் 83 லட்சம். அதாவது எட்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் அச்சிட 87 லட்சம் புள்ளிகள் போதும். கல்யாண ஆல்பத்தில் வரும் 12-க்கு 18 அங்குலப் பக்கத்தை முழுசாக நிரப்பவும் 19 மெகாபிக்சல் போதும். இன்று கடையில் இருக்கும் சாதாரண 24 மெகாபிக்சல் கேமரா இவை எல்லாவற்றையும் தாண்டியே நிற்கிறது. 24-ஐ 48 ஆக்கினால் படம் இரண்டு மடங்கு அகலமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அகலத்தில் கூடுவது 1.4 மடங்குதான். 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யும் போன்கள்கூட வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் சேமிக்கின்றன.

பறவையைத் தூரத்திலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிப் பெரிதாக்குகிறவருக்கு அதிகப் புள்ளிகள் பயன்படும். மற்றவர்கள் அந்த எண்ணைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

நம்பிக்கை: ஃபுல் ஃபிரேம் இல்லையென்றால் அது கேமராவே இல்லை

இது யூடியூப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை. முதலில் கனத்தைக் கூட்டிப் பார்ப்போம். சோனி ஏ7 வரிசையின் மூன்றாம் தலைமுறைக் கேமரா 650 கிராம். அதோடு பலரும் ஆசைப்படும் 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ், முதல் பதிப்பு, 886 கிராம். 70-200 மி.மீ. எஃப் 2.8, அதுவும் முதல் பதிப்பு, 1,480 கிராம். மூன்றும் சேர்ந்து மூன்று கிலோவைத் தாண்டுகிறது. பேட்டரி, சார்ஜர், பையின் கனம் எல்லாம் தனி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக எகானமி வகுப்பில் வருகிறவருக்கு விமானத்துக்குள் அனுமதி ஏழு கிலோ. உள்ளூர்ப் பயணத்துக்கு ஏர் நியூசிலாந்தில் ஏறினாலும் அதே ஏழு கிலோ. கையில் மருந்துப் பை, ஸ்வெட்டர், பேரனுக்கு வாங்கிய பலகாரம் எல்லாம் இருக்கும்போது மூன்று கிலோ எதன் இடத்தைப் பிடிக்கும் என்று யோசியுங்கள்.

இப்போது சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி வகைக்கு வருவோம். சோனி ஏ6400 கேமரா 403 கிராம், சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 290 கிராம், சோனி 70-350 மி.மீ. லென்ஸ் 625 கிராம். மொத்தம் 1,318 கிராம். பாதிக்கும் குறைவு. சென்சார் சிறியதாக இருப்பதால் அந்த 350 மி.மீ., ஃபுல் ஃபிரேமில் 525 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு இழுத்துக் காட்டும். சோனியைச் சொன்னது கணக்குக் காட்டத்தான். ஃபியூஜிஃபிலிம், கேனன், நிக்கான் எதிலும் கதை இதே மாதிரிதான் போகும்.

ஃபுல் ஃபிரேமுக்கு நியாயமும் சொல்லியாக வேண்டும். அதன் சென்சார் பரப்பு ஏபிஎஸ்-சியைவிட இரண்டே கால் மடங்குக்கும் மேல். மங்கிய வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆக்லாந்துக்கு வடகிழக்கே இருக்கும் கிரேட் பேரியர் தீவு 2017 முதல் இருள்வானச் சரணாலயம். தென்தீவில் ஆவோராக்கி மெக்கன்சி பகுதி 2012-லிருந்து இருள்வானக் காப்பகம். பால்வீதியை எடுக்கவே அங்கெல்லாம் போகிறவர் ஃபுல் ஃபிரேமும் அகலமான எஃப் 2.8 லென்ஸும் கொண்டுபோவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அந்த ஓரிரு இரவுக்காக இரண்டு மாதம் சுமக்க வேண்டாம். ஆக்லாந்தில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன.

நம்பிக்கை: பறவையும் திமிங்கிலமும் பார்க்கப் போகிறோம், பெரிய ஜூம் இல்லாமல் முடியாது

வீட்டுக்கு வரும் பெட்டிகளில் பயன்படாமல் திரும்பிப் போகும் பொருள்களின் பட்டியலில் 600 மி.மீ. லென்ஸுக்கு முதலிடம் தருவேன்.

ஆக்லாந்திலிருந்து காரில் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய முரிவாய் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாறை முனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேனட் ஜோடிகள் கூடுகட்டுகின்றன. ஆகஸ்டில் வரத் தொடங்கி மார்ச் வாக்கில் கிளம்பிவிடும். பொன்மஞ்சள் தலை, கண்ணைச் சுற்றி நீலக் கோடு, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அகலத்துக்கு விரியும் சிறகு. பார்வை மேடையில் நின்றால் தடுப்புக்கு அப்பால் சில மீட்டரிலேயே பறவைகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் அலகு அடுத்ததை எட்டாத தூரம் விட்டுத்தான் ஒவ்வொரு கூடும் இருக்கும். கடலிலிருந்து திரும்பும் பறவை எதிர்காற்றில் கூட்டுக்கு மேலே கொஞ்ச நேரம் தொங்கும். கால்களை முன்னால் நீட்டும், வாலை விரிக்கும், பொத்தென்று இறங்கும். துணைப் பறவை எழுந்து நின்று இரண்டும் அலகோடு அலகு மோதிக்கொள்ளும். இந்த நாடகம் முழுவதையும் எடுக்க 100-லிருந்து 200 மி.மீ. போதும். 600-ஐ மாட்டினால் பறவையின் சிறகு ஃபிரேமுக்கு வெளியே போய்விடும்.

அங்கே படம் கெடுவது வேறு காரணங்களால். ஒன்று, ஷட்டர் வேகம். பறக்கும் கேனட்டுக்கு நொடியில் 1,600-ல் ஒரு பங்கு, 2,000-ல் ஒரு பங்கு என்று வைக்க வேண்டும். லென்ஸில் இருக்கும் நடுக்கத்தடுப்பு உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், பறவையின் சிறகடிப்பை அது நிறுத்தாது. இரண்டு, வெள்ளைச் சிறகுக்குப் பின்னால் கரும்பாறை. கேமரா கருமையைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கிவிடும். வெள்ளையில் இறகுக் கோடே தெரியாது. எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும். இந்த இரண்டுக்கும் செலவு ஒரு காசு இல்லை. 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயலில் முரிவாயில் பெரும் மண்சரிவு ஏற்பட்டது. அதனால் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஆக்லாந்து கவுன்சிலின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஆக்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரிட்டிரி மட்டாங்கி தீவில் சிக்கல் இன்னொரு விதம். 220 ஹெக்டேர் தீவு. மேய்ச்சல் நிலமாக மொட்டையாகக் கிடந்ததை 1984-லிருந்து பத்தாண்டு காலம் தன்னார்வலர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கன்று நட்டுக் காடாக்கினார்கள். அழிந்தே போனதாக நினைத்து 1948-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட டகாஹே பறவை அங்கே புல்வெளியில் நடமாடும். அதற்கு ஜூமே தேவைப்படாத நேரமும் உண்டு. காட்டுக்குள் நடந்தால் டூட்டோவாய் என்ற சிறு பறவை, நாம் காலால் கிளறிவிட்ட சருகில் பூச்சி தேடிப் பூட்ஸ் பக்கத்திலேயே வந்து நிற்கும். அங்கே இல்லாதது வெளிச்சம். எஃப் 6.3 லென்ஸைவிட எஃப் 1.8 லென்ஸ் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். தூரத்துக்காக வாங்கிய லென்ஸ் இருட்டில் கைவிடும்போது, ஜூம் இல்லாத சின்ன 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. பிரைம் லென்ஸ் காப்பாற்றும்.

திமிங்கிலம்? ஹவுராக்கி வளைகுடாவில் பிரைட்ஸ் திமிங்கிலங்கள் இருக்கின்றன. நீளம் சுமார் 15 மீட்டர் வரை. படகுகள் திமிங்கிலத்தை 50 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம். 100 மீட்டரில் இருக்கும் 15 மீட்டர் உடலை ஃபுல் ஃபிரேமில் விளிம்புக்கு விளிம்பு நிரப்ப 240 மி.மீ. போதும். தெரிவது முதுகும் துடுப்பும் மட்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதான், 300 இருந்தால் தாராளம். ஆடும் படகில் 600-ஐ வைத்துக்கொண்டு திமிங்கிலத்தைத் தேடுவதற்குள் அது மூழ்கிவிடும்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இதுவரை நீங்கள் போன பயணங்களில் உங்களுக்கே பிடித்த படங்களைக் கணினியில் திறந்து, அவற்றின் விவரங்களில் எந்த மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். பெரும்பாலானோருக்கு 24-க்கும் 80-க்கும் நடுவில்தான் வரும். பணம் முதலில் போக வேண்டிய இடம் அது.

நம்பிக்கை: இயற்கைக் காட்சிக்கு வைடு ஆங்கிள் லென்ஸ்தான்

தென்தீவில் புகாக்கி ஏரியின் தென்கரையிலிருந்து ஆவோராக்கி சிகரம் 60 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. உயரம் 3,724 மீட்டர். கண்ணால் பார்க்கும்போது மலைத்து நிற்கிறோம். 16 மி.மீ.யில் எடுத்தால் ஃபிரேமின் உயரத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மலை, மீதி எல்லாம் தண்ணீரும் வானமும். அதையே 200 மி.மீ.யில் எடுத்தால் ஐந்தில் இரண்டு பங்குக்கு மலை வந்து நிற்கும். பார்த்தபோது ஏற்பட்ட பிரமிப்பைப் படத்திலும் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த 100-200 மி.மீ. பகுதிதான். ஜூம் லென்ஸின் உண்மையான வேலை இங்கே இருக்கிறது, பறவையை இழுப்பதைவிட அதிகமாக.

வைடு லென்ஸ் தேவைப்படுவது நெருக்கமான இடங்களில். ஆக்லாந்து போர் நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் தே டோகி ஆ டாப்பிரி என்ற போர்ப்படகு 25 மீட்டர் நீளம், 1836 வாக்கில் செதுக்கியது. அதை முழுசாகப் பிடிக்கப் பின்னால் நகர இடம் கிடைக்காது. வடக்கே வைப்போவா காட்டின் டானே மஹுட்டா கௌரி மரம் 51 மீட்டர். அதற்குக்கூட, கேமராவை நெட்டுக்கு வைத்துக் கீழிருந்து மேலாக நாலைந்து படம் எடுத்து இணைத்தால், மரம் சாய்ந்தது போல் தெரியாமல் நிற்கும்.

நம்பிக்கை: இங்கே புறஊதாக் கதிர் கடுமை, யுவி ஃபில்டர் கட்டாயம்

முதல் பாதி உண்மை. நியூசிலாந்தின் கோடையில் புறஊதாக் கதிர், வடக்கே அதே அட்சரேகையில் உள்ள இடங்களைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம். தொப்பியும் சன்ஸ்க்ரீனும் அவசியம். கேமராவுக்கு அது பொருந்தாது. புறஊதாக் கதிர் பட்டால் நீலம் பாரித்துப் போனது பழைய ஃபிலிம். டிஜிட்டல் சென்சாரின் மேலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி ஒட்டித்தான் வருகிறது.

ஆனாலும் ஃபில்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பீஹா கடற்கரையில் நின்றால் காரணம் விளங்கும். அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துளி ஐந்தே நிமிடத்தில் லென்ஸின் முகத்தில் படலமாகிவிடும். துடைத்துத் துடைத்துத் தேய்வது லென்ஸாக இல்லாமல் சாதாரண ஃபில்டராக இருக்கட்டும். அங்குள்ள கறுப்பு மணல் இரும்பு கலந்தது. காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் காந்தத்தால் ஒட்டும் வகை ஃபில்டர் அங்கே வேண்டாம், மரையில் திருகுகிற வகையே நல்லது. காற்றடிக்கும் அந்த மணலில் லென்ஸ் மாற்றவும் கூடாது. காரிலேயே எதை மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள்.

பணம் கொடுத்து வாங்கத் தகுந்த ஃபில்டர் போலரைசர். மழை நனைத்த பெரணி இலைகளின் பளபளப்பை அது எடுத்துவிடும், அடியில் இருக்கும் பச்சை வெளியே வரும். வெளிச்சத்தையும் அது குடிக்கும் என்பதால் காட்டுக்குள் பார்த்துப் போடுங்கள்.

நம்பிக்கை: சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் நல்ல வெளிச்சம் கிடைக்கும்

சென்னைக் கணக்கு இங்கே செல்லாது. டிசம்பர் கடைசியில் ஆக்லாந்தில் சூரியன் மறைய மாலை 8.40 ஆகிவிடும். ஐந்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். பொன் வெளிச்சம் வருகிற நேரத்தில் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்போம். அன்றைக்கு மட்டும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது.

இன்னொன்று, இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் இருக்கும். ஜூன் மாதம் நடுப்பகலிலும் 30 பாகை உயரம்தான் ஏறும். சென்னையில் மார்கழியில்கூட 53 பாகைக்குக் குறையாது. மவுண்ட் ஈடன் என்கிற மௌங்காவாவ் நகரத்துக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து குளிர்கால மதியத்தில் ஸ்கை டவரைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால் வெயில் நேராக லென்ஸில் விழும். படகில் டெவன்போர்ட் போய் அங்கிருந்து நகரத்தைப் பாருங்கள், சூரியன் உங்கள் முதுகுப்பக்கம். 328 மீட்டர் கோபுரமும் துறைமுகமும் தெளிவாக வரும். அதே டெவன்போர்ட்டில் டிசம்பர் மாலை காத்திருந்தால், சூரியன் தென்மேற்கில் கோபுரத்துக்குப் பக்கமாகவே இறங்கும். எந்த லென்ஸ் வாங்கினாலும் இது கிடைக்காது. எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்பது தெரிந்தால் மலிவான லென்ஸிலும் கிடைக்கும்.

நம்பிக்கை: பின்னணி மங்கலாக வந்தால்தான் தொழில்முறைப் படம்

இவ்வளவு தூரம் வந்து, டானே மஹுட்டா முன்னால் அம்மாவை நிறுத்தி, எஃப் 1.4-ல் மரத்தைப் பச்சைப் புகையாக்கிவிட்டால் அந்தப் படம் அண்ணாநகர் பூங்காவில் எடுத்ததாகவும் இருக்கலாம். பயணப் படத்தில் ஊர் தெரிய வேண்டும். பத்துப் பேர் இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப் 5.6, எஃப் 8 வைத்தால்தான் பின்வரிசை மாமாவின் முகமும் தெளிவாக வரும்.

நம்பிக்கை: வைட்டோமோ குகைக்காகவாவது விலை உயர்ந்த லென்ஸ் வேண்டும்

வைட்டோமோவின் புகழ்பெற்ற மின்மினிப்புழுக் குகைக்குள் படம் எடுக்க அனுமதியே இல்லை. ட்ரோன் வாங்கி வருகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலத்தில் பறக்கவிட அனுமதிச் சீட்டு வேண்டும். 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, விமான நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் விடக் கூடாது.

நம்பிக்கை: ஆக்லாந்தில் வாங்கினால் ஊருக்குத் திரும்பும்போது வரி கையில் கிடைக்கும்

கிடைக்காது. இங்கே 15 சதவீத ஜிஎஸ்டி. வெளியேறும் பயணிக்கு விமான நிலையத்தில் அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு நியூசிலாந்தில் இல்லை. சிங்கப்பூரில் உண்டு, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆனாலும் நான் சொல்வது, ஊரிலேயே வாங்குங்கள், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால். திருவிழாவிலும் கடற்கரையிலும் தினமும் எடுத்துப் பழகுங்கள். மெனுவில் எதை எங்கே தேடுவது என்று தெரியாத புதுக் கேமராவோடு மில்ஃபோர்ட் சவுண்டில் போய் நிற்பது கொடுமை. ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கும் மேல் மழை கொட்டும் இடம் அது. குடையைப் பிடிக்கவே கை போதாது.

நம்பிக்கை: போன் போதும், கேமரா எதற்கு?

பாதிப் பேருக்கு இது சரிதான். பகல் வெளிச்சத்தில் ஊரையும் உறவையும் எடுக்க நல்ல போன் போதும். கற்றுக்கொள்ளப் பொறுமை இல்லாதவர் அந்தப் பணத்தில் தென்தீவில் கூடுதலாக நாலு நாள் தங்கலாம், நான் அதைத்தான் சொல்வேன். பறக்கும் கேனட், காட்டு இருட்டில் குதிக்கும் டூட்டோவாய், 60 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆவோராக்கி, இந்த மூன்றிலும்தான் போன் தடுமாறும். இவை வேண்டும், ஆனால் லென்ஸ் மாற்றும் தொல்லை வேண்டாம் என்கிற பெரியவர்களுக்கு, சோனி ஆர்எக்ஸ்100-இன் ஏழாம் பதிப்பு மாதிரி 302 கிராமில் 24-200 மி.மீ. தரும் சட்டைப்பைக் கேமரா இருக்கிறது. காட்டு இருட்டில் மட்டும் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆர்வம் உள்ளவர்களுக்கு ஏபிஎஸ்-சி கேமரா, 18-50 போல ஒன்று, 70-300 அல்லது 70-350 போல ஒன்று, கையளவு பிரைம் ஒன்று. இதற்கு மேல் வாங்கத் தோன்றினால் அந்தப் பணத்தை வாடகை லென்ஸுக்கு ஒதுக்கி வையுங்கள்.

மூட்டை கட்டும்போது இரண்டு விஷயம். உதிரி பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். நம் ஊர் உருண்டை முள் பிளக் இங்கே நுழையாது. சாய்ந்த தட்டை முள் உள்ள அடாப்டர் வேண்டும்.

ட்ரைபாட் கொண்டுவந்தால் கால்களின் அடியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். பூட்ஸுக்கும் அதுவே. வெளிமண்ணோடு வரும் நோய்க் கிருமிக்கு இந்த நாடு மிகவும் அஞ்சுகிறது. கௌரி மரங்களை வேரிலிருந்து கொல்லும் நோய் மண்வழியாகப் பரவுவதால், வைப்போவா போன்ற காடுகளின் வாசலிலும் பூட்ஸைத் தேய்த்துக் கழுவ நிலையம் வைத்திருக்கிறார்கள். ட்ரைபாட் காலையும் அங்கேயே கழுவிவிடுங்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கும்போது மண் பட்ட பொருள் இருந்தால் பயணி அறிவிப்பில் ஆம் என்று குறியுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அறிவித்தவர்களிடம் அதிகாரி பொருளை வாங்கிப் பார்ப்பார், தேவைப்பட்டால் சுத்தம் செய்து கையில் கொடுத்துவிடுவார்.